முத்தியால்பேட்டையில் வெடித்த பாரிஸ் பட்டாசு

ஜூன் 1, 2025, விடிகாலை இரண்டரை மணி. முத்தியால்பேட்டையில் என் மாமனார் வீட்டு வாசலில் ஆயிரம்வாலா வெடித்தது. தெருநாய்கள் மூலைக்கொன்றாக ஓடின. எதிர்வீட்டு மாடியில் லைட் எரிந்தது. ஒரு பெரியவர் கைலியைக் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, "ஏம்பா, பொண்ணழைப்பு இந்நேரத்துலயா?" என்று கேட்டார்.

பெண்ணழைப்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்கென்று வாங்கி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்த சரத்தைத்தான் மச்சான் மகன் எடுத்துவந்து கொளுத்திவிட்டான். ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில், பாரிஸ் அணி இண்டர் மிலானை 5-0 என்று அடித்து, ஐரோப்பியக் கால்பந்தின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியிருந்தது. அதற்குத்தான் பாண்டிச்சேரியில் வெடி.

நானும் என் மகளும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குப் பதிமூன்று வயது. வெள்ளையும் வானநீலமுமாக, தெற்கு பிரான்சின் மர்சேய் அணிச் சட்டை போட்டிருந்தாள். மூன்றாவது கோலிலிருந்தே யாரோடும் பேசவில்லை. மச்சான் மகன் புகைக்குள்ளிருந்து வந்தான். பதினேழு வயதுப் பையன். பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் பிறந்து வளர்ந்தவன். என் முன்னால் குனிந்து, "மாமா, இனிமே அது உங்களுது மட்டும் இல்ல" என்றான்.

அந்த "மட்டும்" என்னைத் தைத்துவிட்டது.

மர்சேய்க்கு அந்த ஒரு சொல்லின் மீதுதான் முப்பத்திரண்டு வருடப் பெருமை நின்றது. 1993 மே 26 அன்று, இதே மியூனிக்கில், ஏ.சி. மிலானை 1-0 என்று வென்ற அணி எங்களுடையது. இடைவேளைக்குச் சற்று முன்னால் அபெடி பெலே அடித்த கார்னரை பசீல் போலி எழும்பித் தலையால் முட்டினார். அந்தக் கோப்பையை வென்ற ஒரே பிரெஞ்சு அணி என்று நேற்று இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தோம். 'என்றென்றைக்கும் முதல்வர்கள்' என்று பொருள்படும் வாசகம் மர்சேயில் துண்டில் இருக்கும், சுவரில் இருக்கும், லாரிக் கண்ணாடியில் இருக்கும். நம்மூரில் லாரியில் குலதெய்வத்தின் பேர் எழுதுகிற இடத்தில்.

நான் கடலூர்க்காரன். மஞ்சக்குப்பம். கட்டியது பாண்டிச்சேரியில், சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் குடும்பத்தில். 1962-ல் பாண்டிச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை நிலைத்தது. என் மனைவியின் தாத்தா எழுதிக் கொடுத்தவர். அவர் போட்ட ஒரு கையெழுத்தால், குளிர்பதன மெக்கானிக்கான நான் 2009 செப்டம்பரில் மர்சேயில் போய் இறங்கினேன். மச்சான் குடும்பம் பாரிஸ் பக்கம். எனக்கு வேலை கிடைத்தது தெற்கே, மீன் பதப்படுத்தும் ஒரு கிடங்கில். அப்படித்தான் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு ஊர் வந்து சேர்ந்தது.

முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிஸ்த்ரால் என்கிற குளிர்காற்று அடிக்கும், காது வலிக்கும், பாஷை வராது. வேலை முடிந்து வந்தால் ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அடுத்த மே மாதம் 5-ஆம் தேதி மர்சேய் லீக் பட்டத்தை வென்றது. பதினெட்டு வருடம் கழித்துக் கிடைத்த பட்டம். பயிற்சியாளர் திதியே தேஷாம், 1993-ல் கேப்டனாக அந்தக் கோப்பையைத் தூக்கியவர். என்னோடு வேலை பார்க்கும் கொமோரோ தீவுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்குப் போனார். நகரமே அங்கே இருந்தது. அரபிப் பாட்டி ஒருத்தி, ஆர்மீனியக் கடைக்காரர், இத்தாலிப் பேர் கொண்ட கிழவர், யாரென்றே தெரியாத இன்னும் பத்துப் பேர் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருவரும் "நீ எந்த ஊர்" என்று கேட்கவில்லை. எட்டு மாதமாக எல்லாக் கவுன்ட்டரிலும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்தில் சுற்றுப்பட்டுச் சாமியெல்லாம் கடலுக்கு வந்து நிற்குமே, அந்தக் கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் மர்சேய்க்காரன் ஆனேன்.

ஆனேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் 1993 மே மாதம் என்று யாராவது சொன்னால், என் மனசுக்குள் முதலில் வருவது பசீல் போலி இல்லை, உப்பளம் மைதானம். எனக்குப் பதினாறு வயது. மர்சேய் என்ற பேரே தெரியாது. அந்தக் கோடையில் பாண்டிச்சேரியில் எழுவர் கால்பந்துப் போட்டி. மஞ்சக்குப்பம் மைதானத்துப் பையன்கள் ஒன்பது பேர் டவுன் பஸ் பிடித்துப் போனோம். பூட்ஸ் நாலு ஜோடிதான் இருந்தது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். இறுதிப் போட்டி வரை போய், பெனால்டியில் தோற்றோம். அடித்த பந்தை வெளியே அனுப்பியது நான். மைதானத்தைச் சுற்றி நின்ற பாண்டிப் பையன்கள் "கருவாடு! கருவாடு!" என்று கத்தினார்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக் கருவாட்டை வைத்து எங்களுக்கு அவர்கள் வைத்த பேர். நாங்கள் அவர்களை "பாட்டிலு" என்போம். முள்ளோடை செக்போஸ்ட்டில் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் பையைச் சோதித்து எடுக்கிற மது பாட்டிலையே அவர்களுக்குப் பேராக வைத்திருந்தோம். திரும்பி வரும்போது அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பம் தாண்டி, கிருமாம்பாக்கம் வரை ஒருவனும் பேசவில்லை. கன்னியகோவிலில் பஸ் நின்றபோது கோல்கீப்பர் இறங்கிப்போய் ஒன்பது பேருக்கும் வேர்க்கடலை வாங்கி வந்தான். என் பொட்டலத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்தக் கடலையின் சூட்டை இன்றைக்கும் உள்ளங்கையில் உணர்கிறேன்.

கடலூரில் இதெல்லாம் விளையாட்டுப் பேச்சு இல்லை. சுனாமி அடித்த கரையிலிருந்து எழுந்து பந்து விளையாடிய பெண்கள் ஊர் அது. எங்கள் ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் வாங்கியபோது, மர்சேயில் நான் ஒரு டப்பா மைசூர்பாகு பிரித்துக் கிடங்கு முழுக்கக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பிரெஞ்சில் விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கேட்டு முடித்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். பந்து என்றால் அந்த ஊருக்குப் புரியும்.

பாரிஸைப் பிடிக்காது என்பதும் அங்கே பாலோடு சேர்த்து ஊட்டுவது. 2020 ஆகஸ்டில் பாரிஸ் அணி முதல் முறையாக இறுதிப் போட்டிக்குப் போனபோது, மர்சேய் நகர மையத்தில் பாரிஸ் சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று போலீஸ் ஆணையே வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லிஸ்பனில் பேயர்ன் மியூனிக் 1-0 என்று பாரிஸைத் தோற்கடித்த ராத்திரி, பழைய துறைமுகத்தில் கார் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். எனக்கு அப்போது சார்செல்லில் இருக்கும் இந்தப் பையன் ஞாபகம் வந்தது. அவனுக்கு அன்று பன்னிரண்டு வயது. போன் பண்ணினால், அழுது தூங்கிவிட்டான் என்று மச்சான் சொன்னார்.

அதனால் அவன் வெடி வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஆட்டத்தையே சொல்கிறேனே. நம்மூர் நேரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பம். கல்யாண வீடு என்பதால் கூடத்தில் இருபது பேர் பாய் விரித்துக் கிடந்தார்கள், பாதிப் பேர் சார்செல், பாதிப் பேர் முத்தியால்பேட்டை. மச்சான் மகன் சுவிட்ச் போர்டுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு டிவியோடு சேர்த்தான். பன்னிரண்டாவது நிமிடம் அக்ராஃப் ஹக்கிமி கோல் போட்டார். போட்டவர் இரண்டு கையையும் தூக்கி, பழைய அணியான இண்டரின் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பண்பு எனக்குப் பிடித்தது. இருபதாவது நிமிடம் தெசிரே துவே. பத்தொன்பது வயதுப் பிள்ளை, இடைவேளைக்குப் பின் இன்னொன்றும் போட்டான். ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் அதுவரை ஜெயித்ததில்லை.

முடிந்ததும் பாரிஸ் ரசிகர்கள் பக்கம் ஒரு பெரிய துணிப்படம் விரிந்தது. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே தன் சின்ன மகளோடு மைதானத்தில் கொடி நடுகிற படம். "யாரு அந்தக் குழந்தை?" என்று அத்தை கேட்டார். ஷானா, ஒன்பது வயதில், 2019-ல் இறந்துபோன குழந்தை என்று சொன்னேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அந்தப் புள்ள பாத்துருக்கும்டா" என்றார். கூடத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாரிஸ் ஜெயித்தது சரிதான் என்று என் வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தேன்.

அப்புறம்தான் ஆயிரம்வாலா. அப்புறம்தான் அந்த "மட்டும்".

திண்ணையிலேயே விடிய விடியச் சண்டை நடந்தது. "உங்க ஆளுங்க காசு குடுத்து மாட்டுனவங்கதானே" என்று அவன் ஆரம்பித்தான். உண்மை. அதே 1993-ல் வலென்சியென் அணி வீரர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் மர்சேயின் பிரெஞ்சு லீக் பட்டம் பறிபோனது, பிறகு இரண்டாம் டிவிஷனுக்கும் இறக்கினார்கள். ஐரோப்பியக் கோப்பையை மட்டும் யாரும் பறிக்கவில்லை. மர்சேய் அணி 1899-ல் தொடங்கியது, பாரிஸ் அணி 1970-ல் என்றேன். பழசா இருந்தா பெரிசா என்றான். அப்போதுதான் என் மத்தி மீனை எடுத்தேன்.

மர்சேய்க்காரர்கள் எதையும் ஊதிச் சொல்வார்கள் என்று பிரான்ஸ் முழுக்கப் பேச்சு. அதற்கு அடையாளமாகச் சொல்வது, ஒரு மத்தி மீன் வந்து மர்சேய் துறைமுகத்தையே அடைத்துவிட்ட கதை. கொமோரோ நண்பர் முதலில் சொன்னபோது, கவலை மீனை அன்னக்கூடையில் அள்ளுகிற ஊரில் பிறந்த எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உண்மையில் அது மீன் இல்லை, கப்பல். கடற்படை மந்திரி ஒருவரின் பேரான சார்த்தீன் என்று அதற்குப் பேர். நடுவில் உள்ள 'த'வை அழுத்திச் சொன்னால் கப்பல், மெலித்துச் சொன்னால் மத்தி. 1780-ல் அது துறைமுக வாயிலிலேயே முடங்கி, உள்ளே யாரும் போகவும் முடியாமல், வெளியே வரவும் முடியாமல் பண்ணிவிட்டது. கப்பலில் வந்தவர்கள் யார் என்றால், 1778-ல் பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரனிடம் விழுந்தபோது சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள். விடுதலையாகி ஊர் திரும்பியவர்கள்.

இதை எனக்கு ஒரு பழைய மீன்கார அம்மா துறைமுகத்தில் மீன் அரிந்துகொண்டே சொன்னார். நான் எந்த ஊர் என்று கேட்டார், பாண்டிச்சேரிக்குப் பக்கம் என்றேன், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப எங்க மத்தி உங்க ஊரிலிருந்துதான் வந்தது" என்றார். அன்றைக்கு மத்திக்குக் காசு வாங்கவில்லை. அந்த மீனை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன். ஒரு ஊரின் தலைசிறந்த கதைக்குள் நம் கரை இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை. எனக்கு அது குடியுரிமை அட்டையை விடப் பெரியது.

"கப்பல் மர்சேய்க்குத்தான்டா வந்துச்சு, பாரிஸுக்கு வரல" என்றேன். பையன் யோசித்தான். "பாரிஸ்ல ஏது மாமா கடலு?" என்றான். "அதான் சொல்றேன்" என்றேன். மகள் அந்த ராத்திரியில் முதல் முறையாகச் சிரித்தாள்.

விடிந்ததும் அத்தை வாசலில் வெடிக் காகிதத்தை வாரித் தள்ளிவிட்டுக் கோலம் போட்டார். பத்து மணிக்குப் பையன் என்னிடம் வந்து, "மாமா, நீங்க ஆடுன எடத்தக் காட்டுங்க" என்றான்.

சாயந்திரம் மூன்று பேரும் கடலூர் பஸ் ஏறினோம். வழி நெடுக அவனுக்குப் பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்து இடித்தார், 1761-ல் இங்கிலீஷ்காரன் போய்ப் பாண்டிச்சேரியைத் தரைமட்டம் ஆக்கினான், இடையில் இருப்பது ஒரு மணி நேர பஸ் பயணம்தான் என்று. மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஏதோ பொருட்காட்சிக்குத் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே போக வழியில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்தோம்.

கரையில் செருப்பைக் கோல்போஸ்ட்டாக வைத்து ஏழெட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் சட்டையைப் பார்த்ததும் ஒருவன், "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டான். சார்செல் என்று சொல்வான் என நினைத்தேன். அவன் நெஞ்சை நிமிர்த்தி, "பாண்டி" என்றான்.

"பாண்டியா! வா பாப்போம்!"

இரண்டு பக்கமும் ஆள் பிரித்தார்கள். என் மகள் யாரையும் கேட்காமல் கடலூர்ப் பக்கம் போய் நின்றாள். மச்சான் மகன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு, ஈர மணலில் பந்தை உருட்டிக்கொண்டு கோலை நோக்கி ஓடினான். கரையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்:

"வுடாத, மடக்குடி! பாட்டிலு வரான், மடக்கு!"