நீட் படிப்புக்கு நேரம் குறித்த கதை

பிளஸ் டூ படிக்கும் பெண் இருக்கும் வீட்டில், அவள் என்ன படிக்கிறாள் என்பதைவிட எப்போது படிக்கிறாள் என்பதுதான் பெரிய பஞ்சாயத்து. என் கணவர் அதிகாலைக் கட்சி. நான்கு மணிக்கு எழுந்து படித்தால் மனத்தில் அப்படியே நிற்கும் என்பார். அந்த நான்கு மணியை அவரே ரயிலைப் பிடிக்க வேண்டிய நாட்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்பது வேறு விஷயம். மகளோ இரவுக் கட்சி. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பவே ஏழு மணியாகிவிடுவதால், ஊர் அடங்கிய பிறகுதான் இயற்பியல் தலையில் ஏறும் என்பது அவள் வாதம்.

இரு தரப்பையும் சமாதானப்படுத்த, கணவர் எக்செலில் ஓர் அட்டவணை தயாரித்தார். செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வுகள், மார்ச்சில் பொதுத்தேர்வு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், மே முதல் வாரத்தில் வரும் நீட்டுக்கென்று முழுதாக மிஞ்சுவது ஏப்ரல் ஒன்றுதான். மரபியல் முதல் மின்காந்தத் தூண்டல் வரை அந்த ஒரு மாதத்துக்குள் அவர் திணித்திருந்ததைப் பார்த்தபோது, தீபாவளிக்கு முந்தைய நாள் கோயம்பேட்டிலிருந்து கிளம்பும் பேருந்துதான் நினைவுக்கு வந்தது.

அட்டவணையை அச்சிட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிய அன்றே, என் மாமியார் மூக்குக் கண்ணாடியோடும் தினசரிக் காலண்டரோடும் அதன் முன்னால் வந்து நின்றார்.

“சனிக்கிழமை ஒம்பது மணிக்கு இயற்பியல்னு போட்டிருக்கியே, அது ராகுகாலம்லா?”

“படிக்கிறதுக்கெல்லாம் ராகுகாலம் பார்க்க முடியுமாம்மா?”

“சரி, பரீட்சை என்னைக்கு, எத்தனை மணிக்கு?”

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை என்று கணவர் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. தேர்வு மையத்தில் ஒன்றரை மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள்; ஞாயிறன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம். மூன்றிலிருந்து நாலரை வரை குளிகை, நாலரைக்கு மேல் ராகுகாலம். ஆக, பன்னிரண்டுக்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும், நல்ல நேரமான இரண்டிலிருந்து மூன்றுக்குள் 180 கேள்விகளையும் முடித்துவிட வேண்டும் என்று மாமியார் தீர்ப்பளித்தார்.

“குளிகை நல்லதுதானே ஆச்சி?” என்று மகள் கேட்டாள்.

“நல்லதுதான். ஆனா அதுல செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்.”

மகள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு முறை எழுதிவிட்டு மறு வருடமும் எழுத வருபவர்களைப் பயிற்சி மையங்களில் ‘ரிப்பீட்டர்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

ஆனால் இந்தக் காலண்டர் ஆராய்ச்சியில் ஓர் உண்மை வெளியே வந்தது. அதிகாலையா நள்ளிரவா என்று மாதக்கணக்கில் சண்டை போட்ட எங்களில் ஒருவர்கூட, தேர்வு நடப்பது ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு என்பதை யோசிக்கவே இல்லை. கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து தெருவே குறட்டை விடும் நேரம் அது. அந்த நேரத்தில் விழித்திருக்கப் பழகாத மூளை, எத்தனை விடியலைப் பார்த்திருந்தாலும் கொட்டாவிதான் விடும். ஆகவே ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு வீட்டிலேயே மாதிரித் தேர்வு என்று முடிவாயிற்று. முதல் ஒரு மணி நேரத்துக்குள் உயிரியலின் 90 கேள்விகளையும் முடித்துவிடு என்று பயிற்சி ஆசிரியரும் சொல்லியிருந்ததால், ஆச்சியின் நல்ல நேரத்தோடு அது கச்சிதமாகப் பொருந்திப்போனது. மணி மூன்றை நெருங்கினால் இப்போது அலாரம் தேவையில்லை.

“ஏளா, குளிகை வரப்போவுது, உயிரியலை முடிச்சிட்டியா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்துவிடும்.

தூக்கம் வரக்கூடாது என்பதற்காக, ஞாயிறு மதியம் வீடு முழுவதற்கும் ரசம் சாதம் மட்டுமே. கறிக்குழம்பு இரவுக்குப் போய்விட்டது. மே மாதம் எப்போது வரும் என்று எங்கள் வீட்டில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர் என் கணவர்தான்.