பெரியம்மாவின் பட்டம் பிரிட்டோரியாவில் இருந்தது

2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியும் தப்பவில்லை. அதில்தான் அவருடைய பி.ஏ. சான்றிதழ் இருந்தது. பாத்திரம் பண்டம் போனதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. "அந்தக் காகிதத்தை மட்டும் எப்படியாவது வாங்கிக் கொடு, கண்ணு" என்றார்.

அவர் படித்தது டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரித் தீவில், இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு 1961இல் திறந்த கல்லூரியில். அதுவே பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமானது. ஆகவே வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போனேன். 1968 என்று சொன்னதுமே அலுவலர் வழிகாட்டிவிட்டார். அந்த நாளில் தீவுக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. தேர்வும் பட்டமும் பிரிட்டோரியாவில் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவுடையவை. கேட்க வேண்டிய இடம் பிரிட்டோரியா. வீட்டில் 1970க்கு முன் அங்கே படித்த பெரியவர்கள் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். எனக்கு இரண்டு நாள் வீணானது.

பிறகு வழக்கமான வேலைகள்தான்: விண்ணப்பம், கட்டணம், அடையாள அட்டை நகல், சான்றிதழ் தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் சத்தியக் கடிதம். சிக்கல் பெயரில் வந்தது. பட்டம் தாத்தா பெயரோடு, அடையாள அட்டை பெரியப்பா குடும்பப் பெயரோடு. கோயிலில் தாலி கட்டியதைச் சட்டம் திருமணமாக ஏற்காத காலம் அது. நல்லவேளை, அவர்கள் தனியாகப் பதிவும் செய்திருந்தார்கள். அந்தத் திருமணச் சான்றிதழைத் தேடி எடுக்கவே ஒரு வாரம் ஆனது.

தேடும்போதெல்லாம் பெரியம்மா பேசிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் நகரம், அங்கிருந்து துறைமுகக் கரை, பிறகு படகு. வகுப்பறைகள் கடற்படை விட்டுப்போன பழைய பாசறைகள். காற்று வீசும் நாளில் ஒரு கையில் முந்தானை, மறு கையில் புத்தகம். பிரிவினைக் கல்லூரிக்குப் போகக் கூடாது என்று நம்மவர்கள் பலர் சொன்ன நேரம். தாத்தாவுக்கும் அதில் மனமில்லை. கேட்டோ மேனரில் இருந்த வீட்டைப் பறித்த அரசின் கல்லூரி அல்லவா? அழுது அடம்பிடித்துத்தான் சேர்ந்தாராம். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஏழாவது வாரம் கூரியர் வந்தது. பெரியம்மா பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு முழுவதையும் படித்துவிட்டு, தீவின் பெயர் எங்கே என்று கேட்டார். அது அதில் இல்லை. கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன், பின் அட்டையில் பென்சிலால் அவரே எழுதினார்: "சாலிஸ்பரித் தீவு, 1966–68."