கத்திப்பிடிக்கு இழை நெளிந்த வால்நட்

கத்தி செய்யப் பழகிய முதல் இரண்டு ஆண்டுகளில், எந்தத் துண்டில் நெளிவும் சுழிப்பும் அதிகமோ அதுவே நல்ல வால்நட் என்று நம்பி, கையிருப்பைக் கரைத்தவன் நான். சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் குடியிருப்பவனுக்கு அந்த ஆசைக்குத் தீனி கிடைப்பதும் எளிது. இங்குள்ள பழைய தோப்புகளில், பருப்புக்குப் பெயர்போன பாரசீக வால்நட்டை, கலிபோர்னியாவுக்கே உரிய கருவால்நட்டின் அடிக்கட்டையில் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். இந்த உள்ளூர் மரத்தைத்தான் மரக்கடையில் கிளாரோ என்கிறார்கள். தோப்பு முதிர்ந்து காய்ப்புக் குறைந்ததும் மரங்களை வேரோடு பெயர்த்துவிடுவார்கள். அந்த அடிக்கட்டையைப் பலகையாக அறுத்தால், ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே வறுத்த காபிக்கொட்டையின் நிறமும் மேலே வெளிறிய பழுப்புமாக, கோடு கிழித்தாற்போல் இரண்டு மரங்கள் ஒரே பலகையில் தெரியும். பெரிய பலகைகள் மேசை செய்வோருக்கும் துப்பாக்கிக் கட்டை செதுக்குவோருக்கும் போய்விடும். மிஞ்சும் ஓரத்துண்டுகள்தாம் என்னைப் போன்றவர்களிடம் வந்து சேரும்.

நெளிவு என்று நாம் வியப்பது உண்மையில் நார்களின் சாய்வுதான். இழை நேராக ஓடாமல் அலையலையாக ஓடிய மரத்தை நேராக அறுக்கும்போது, நார் ஓரிடத்தில் மேற்பரப்போடு படுத்தும், பக்கத்திலேயே மேற்பரப்பை நோக்கிக் குத்திட்டும் அமைகிறது. படுத்த நார் ஒளியைத் திருப்பிவிடுகிறது. குத்திட்ட நார், தன் வாய் திறந்திருப்பதால், எண்ணெயைக் குடித்து இருண்டுபோகிறது. கையில் பிடித்துச் சற்றே திருப்பினால் வெளிச்சமான பட்டை இருள, இருண்ட பட்டை ஒளிரும். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையின் மடிப்பை அசைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கத்திப்பிடி என்பது சுமார் 12 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள சின்ன இடம். அதிலும் ஓரங்களை உருட்டியபின் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிவது அதில் பாதிதான். பலகையில் மேகம்போல் விரிந்து கிடந்த பெரிய கோலம், பிடியில் ஒரு கரும்புள்ளியாகவோ காரணம் தெரியாத கறையாகவோ சுருங்கிவிடும். நெருக்கமாக ஓடும் சிற்றலைகளே இந்த அளவுக்குப் பொருந்துகின்றன. இப்போதெல்லாம் கடைக்குப் போகும்போது, பிடியின் வடிவத்தில் துளை வெட்டிய ஓர் அட்டையை எடுத்துச் செல்கிறேன். பலகையைக் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் அட்டையை அங்குமிங்கும் நகர்த்தி, துளைக்குள் என்ன தெரிகிறதோ அதற்கு மட்டுமே விலை கொடுக்கிறேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவரே அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அழகுக்கு இன்னொரு விலையும் உண்டு. மரம் இரண்டாகக் கவடுவிடும் இடத்தில் அறுத்தெடுத்த, இறகுபோல் விரியும் துண்டு ஒன்றை ஒருமுறை வாங்கியிருந்தேன். பித்தளை ஆணிக்குத் துளையிட்டு, எபாக்ஸிப் பசை தடவி, ஆணியைச் சுத்தியலால் மெல்லத் தட்டியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். துளையிலிருந்து பிடியின் ஓரம்வரை மயிரிழை அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அந்த இடத்தில் நார் பிடியின் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஓடுகிறது என்பதை, இறகின் அழகில் மயங்கிய நான் கவனிக்கவே இல்லை. நெளிவு எவ்வளவு இருந்தாலும் ஆணி இறங்கும் இரண்டு இடங்களிலும் இழை ஓரளவேனும் நீளவாக்கில் இருக்க வேண்டும். ஊர்ப் பட்டறைகளில் அரிவாளின் வாலைக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்கும்போது, மரத்தின் வாய் பிளக்காமலிருக்கப் பூண் மாட்டுவார்கள். இரண்டு பக்கமும் மரத்தகடு ஒட்டும் கத்தியில் அந்தக் காவல் கிடையாது.

ஈரப்பதமும் படுத்தும். அமெரிக்கக் கருவால்நட், பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை, ஆண்டுவளையத்தின் போக்கில் சுமார் 7.8 விழுக்காடும் அதற்குச் செங்குத்தாக 5.5 விழுக்காடும் சுருங்கும். நேரிழை மரத்தில் இந்தச் சுருக்கம் எந்தத் திசையில் என்று கணிக்கலாம். நெளிந்த மரத்தில் அது இடத்துக்கு இடம் மாறும். மழைக்கால ஜனவரியில் எஃகோடு வழவழப்பாகச் சேர்த்து இழைத்த பிடி, வறண்ட ஜூலையில் உள்வாங்கி, எஃகின் விளிம்பு உள்ளங்கையை உறுத்தியது. அதனால் சமையல் கத்திகளுக்கு, வெற்றிடத்தில் பிசினை உறிஞ்சவைத்து அடுப்பில் இறுக்கிய துண்டுகளையே பயன்படுத்துகிறேன். தொட்டால் கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை அடிப்பதுபோல் எனக்குத் தோன்றும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தண்ணீர் படாத செதுக்குக் கத்திகளுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியக் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

400 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டு ஒருநாள் அப்படியே படுக்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால், பிடி முழுக்க ஊசி குத்தினாற்போல் நீலக்கறுப்புப் புள்ளிகள். கத்தியின் கார்பன் எஃகுப் பொடி மரத்தின் துளைகளில் இறங்கி, ஈரத்தில் வால்நட்டின் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து மையாகியிருந்தது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதைப் பெரும்பாலும் எடுத்தது. அன்றிலிருந்து தண்ணீருக்குப் பதிலாக எண்ணெயையே தொட்டுக்கொள்கிறேன். வால்நட் தூள் கண்ணையும் மூக்கையும் அரிக்கும் என்பதால் முகமூடி இல்லாமல் தேய்ப்பதும் இல்லை.

ஒட்டுக்கோடு விழுந்த ஒரு துண்டு மட்டும் இரண்டு ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கிறது. அந்தக் கோடு பிடியின் முன்பக்கம், சுட்டுவிரல் அணையும் இடத்தில் விழுந்தால் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் அப்படி வைத்தால் பின்பக்கத்துக்கு ஒரு செ.மீ. போதவில்லை. நேற்றும் அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப எடுத்த இடத்திலேயே வைத்தேன்.