மாடி டேங்குக்கு ஒரு சென்சார்

சனிக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஈஎஸ்பி32னு ப்ரோக்ராம் பண்ற ஒரு குட்டி போர்டும், ஒலி அனுப்பி எதிரொலிய வச்சு தூரம் அளக்குற ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் மாட்யூலும் வாங்கிட்டு வந்தேன், மாடி டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு கீழ இருந்தே பாக்கணும், ரொம்ப நாள் ஆசை. ஒண்ணு மட்டும் கவனிங்க, மாட்யூலுக்கு 5 வோல்ட் குடுத்தா அதோட எக்கோ பின்லயும் (எதிரொலி சிக்னல் வெளிய வர்ற கால்) 5 வோல்ட் வரும், ஈஎஸ்பி32 பின்னுக்கு 3.3 தான் கணக்கு, நேரா சொருகிடாதீங்க. 1கே, 2கேன்னு ரெண்டு ரெசிஸ்டர் போட்டு அந்த வோல்டேஜ பிரிச்சா சரியா வந்துரும். எக்கோ பல்ஸ் எத்தனை மைக்ரோசெகண்டோ அத 58ஆல வகுத்தா தூரம் சென்டிமீட்டர்ல.

போர்டு அனுப்புறத கம்ப்யூட்டர்ல காட்டுற சீரியல் மானிட்டர்ல, டேங்க் மேல இருந்து தண்ணி வரைக்கும் உள்ள தூரம் 47, 47னு ஓடிட்டு இருந்துச்சு, அம்மாவ மோட்டர் போட சொன்னேன், தண்ணி ஏற ஏற 46, 45, 44னு மெதுவா குறையுது, அத பாத்துட்டே உக்காந்திருந்தேன், அப்படி ஒரு சந்தோஷம்! இந்த மாட்யூல் ஈரம் தாங்காது, அடுத்து வாட்டர்ப்ரூஃப் சென்சார் மாத்தணும்.