பழைய பென்ஸின் அடித்தட்டும் கல்லடிக் காற்றும்

எங்கள் வீடு மட்டக்களப்பு, கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே இரும்புச் சாமான் எதை வாங்கினாலும் பாதி ஆயுள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கேற்றும் தப்பாது, கூரைத் தகட்டு ஆணியும் தப்பாது. இந்தக் காற்றில்தான் 1990 மொடல் பென்ஸ் 250டி ஒன்றை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். டபிள்யூ 124 என்று கார்ப் பைத்தியங்கள் சொல்லும் உடம்பு, ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின். கொழும்பில் ஒருவரிடம் வாங்கியது.

விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் நாட்டில் ஓடிய பழைய கார் எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்ட பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் என்னைப் போன்ற சம்பளக்காரனுக்குப் புதுக் கார் எட்டாது. அதோடு, உண்மையைச் சொன்னால், இந்தக் காரின் கதவு மூடும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

வாங்கும்போதே ஹொயிஸ்ற்றில் ஏற்றித்தான் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று, கறள் (துரு) பிடிக்காமல் பூசும் அண்டர்சீல் அடித்திருந்தது, புதுசாக, பளபளவென்று. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த டிங்கர்காரர் ஒருவர் இருக்கிறார். காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். காரைக் கொண்டுபோய்க் காட்டியதும் அந்தக் கறுப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

“முப்பது வருசக் காருக்கு இது என்ன புதுச் சட்ட, தம்பி?”

ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போனார். நடுத்தட்டில் ‘டங், டங்’ என்று கேட்டது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிக்கு வந்ததும் சத்தம் அடங்கி, ஈரமான அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல ‘தப், தப்’ என்றது. காரைத் தூக்க ஜக் போடும் துவாரங்கள் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன, பக்கத்துக்கு இரண்டு. அவற்றுக்கு வட்டமான பிளாஸ்டிக் மூடி. பின்பக்கத்து மூடியை அவர் நெம்பி எடுத்ததும் தண்ணீர் வடிந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. தண்ணீருக்குப் பின்னால் மணலும், தகடு தகடாக உரிந்த கறளும் வந்தன. விரலை உள்ளே விட்டால் மேல் சுவர் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அந்த இடத்தில் ஜக்கைப் போட்டுத் தூக்கியிருந்தால் கார் எழும்பாது, ஜக்தான் உள்ளே போயிருக்கும்.

“அடிக்காம விட்டிருந்தா இவ்வளவு போயிருக்காது” என்றார் காக்கா. அப்போது எனக்கு அது புரியவில்லை. பிறகு அந்தக் கறுப்புப் பூச்சைச் சுரண்டச் சுரண்டத்தான் புரிந்தது. தார் கலந்த அண்டர்சீல் நாள்பட்டால் காய்ந்து வெடிக்கும். மயிரிழை அகல வெடிப்பு ஒன்று போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. கறள் இரும்பைவிடப் பல மடங்கு பருமன் என்பதால் பூச்சை உள்ளிருந்தே தள்ளித் தூக்கும். தூக்கிய இடத்தில் இன்னும் தண்ணீர் சேரும். கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பூச்சு அடித்தால் பார்ப்பதற்குக் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். அண்டர்சீல் என்ற பொருளில் குற்றமில்லை. சுத்தமான, காய்ந்த இரும்பில் அடித்தால் நன்றாகவே நிற்கும். விற்பதற்கு முதல் வாரம் அடிப்பதைத்தான் சொல்கிறேன்.

இணையத்தில் இந்தக் காரைப் பற்றி வாசித்தால் பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்களின் அனுபவம். அவர்களுக்குக் குளிர்காலத்தில் பனி உருகத் தெருவில் உப்புப் போடுகிறார்கள், அது சில்லு வழியாகக் கீழிருந்து அடிக்கிறது. நமக்கு உப்பு காற்றிலேயே வருகிறது. ஓடாமல் நிற்கும் காருக்கும் வருகிறது. சில்லு தொடாத மேல் மூலைகளிலும், பெட்டிகளின் உள்ளேயும் போய் உட்காருகிறது. உப்புப் படிந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மாரியில் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் போனால் தெருவுக்கு மேலால் ஓடும் வெள்ளத்தைக் கடக்க வேண்டிவரும். அந்தச் சேறும் சேர்ந்து வடிகால் துவாரங்களை அடைத்துவிட்டால் மிச்சத்தை உப்பு பார்த்துக்கொள்ளும்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், கச்சான் காற்று வரட்டும் என்றார் காக்கா. வைகாசி, ஆனிக்குப் பிறகு மேற்கிலிருந்து அடிக்கும் அந்தச் சூட்டுக் காற்றில் ஊரே வாடிப்போகும், ஆனால் காரின் பெட்டிகளுக்குள் இருக்கும் ஈரமும் காயும். வாடைக்காற்றுக் காலத்தில் பெயின்ற் அடித்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவைக்கிற கதைதான்.

சரி, காலம் வந்ததும் பக்கத்துப் பிளாஸ்டிக் பலகைகளைக் கழற்றினோம். 1989 கடைசியில் வந்த மாற்றத்தில்தான் இந்தக் காருக்குக் கதவடியிலும் பக்கங்களிலும் அகலமான பலகைகள் வந்தன. அழகுதான், பின்னால் என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது. வலதுபுறம் ஓரளவு தப்பியிருந்தது. இடதுபுறம் பின் சில்லுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பே இல்லை.

உள்ளே சீற்றுகளையும் கார்ப்பெற்றையும் எடுத்தோம். இந்தக் காரின் கார்ப்பெற்றுக்குக் கீழே சத்தம் அடக்க மொத்தமான பஞ்சு இருக்கிறது. மேலே கை வைத்தால் காய்ந்திருந்தது, அடியைப் பிழிந்தால் தண்ணீர். பழைய கார் வைத்திருப்பவர்கள் வேறொன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ஒருநாள் கார்ப்பெற்றின் ஓரத்தைத் தூக்கி அந்தப் பஞ்சை ஒருதரம் பிழிந்து பாருங்கள். வெல்டிங் பிடிக்கவேண்டுமென்றாலும் அதை எடுத்தே ஆகவேண்டும். தட்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் தார்ப் பலகையும் பஞ்சும் கீழிருந்து வரும் சூட்டில் பற்றிக்கொள்ளும். பற்றரி வயரைக் கழற்றி, பக்கத்தில் ஓடும் டீசல் பைப்பை விலக்கி, உள்ளே ஒரு பையனை ஈரச் சாக்கோடு உட்காரவைத்துவிட்டுத்தான் காக்கா நெருப்பை மூட்டினார்.

வெட்டும் விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. ஓட்டை இருக்கிற அளவுக்கு ஒரு தகட்டை மேலே வைத்து ஒட்டினால் போதாதா என்பது என் நினைப்பு, செலவுப் பயம்தான். அவர் கேட்கவில்லை. “நல்ல இரும்பு வருமட்டும் வெட்டோணும். உக்கினதுல ஒட்டினா ஒட்டு நிக்கும், பக்கம் போகும். மறுகா என்னட்ட வந்து அழக் கூடாது.” வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டினார். நான் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு போனது. புதுத் தகடு 18 கேஜ், கிட்டத்தட்ட 1.2 மில்லிமீற்றர். நாகம் (சிங்க்) பூசிய தகடு என்பதால் ஒட்டும் ஓரங்களில் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டே வெல்டிங் பிடித்தார். அதன் புகை கூடாது, காய்ச்சல் வரும். ஒரே இழுவையாக ஒட்டாமல் இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாகப் பிடித்துப் பிறகு இடைவெளியை நிரப்பினார். இல்லாவிட்டால் தகடு சூட்டில் வளைந்துவிடும்.

பிரேக் பைப்புகளையும் இதோடு மாற்றினேன். பின் அச்சுக்கு மேலால் போகும் பகுதி வெளியே தெரியாது, அங்கேதான் கறள் தின்றிருந்தது. இருந்த இரும்புப் பைப்புக்குப் பதிலாகச் செம்பும் நிக்கலும் கலந்த பைப்பைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தேன். அதற்குக் கறள் பிடிக்காது. இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தனியார் காருக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம், இன்சூரன்ஸ் கட்டுகிறோம், வரிப்பத்திரம் கிடைக்கிறது. அடிப்பக்கத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நாமாகப் பார்த்தால்தான் உண்டு. பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் கைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கின்றன. அவற்றையும் கழற்றிக் கழுவினோம், உள்ளே சேறு கட்டிக் கிடந்தது.

பூச்சு வேலை சுருக்கமானது. வெட்டத் தேவையில்லாத, மேலாகக் கறள் பிடித்த இடங்களைக் கம்பிப் பிரஸ்ஸால் தேய்த்து, பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மருந்து பூசினோம். தடித்த கறளில் அந்த மருந்து மேலோடு நின்றுவிடும், அதனால் தேய்ப்பதில் சோம்பல் கூடாது. பிறகு நாகம் கூடிய பிரைமர், மூட்டுகளுக்குச் சீலர், அதன் மேல் மெல்லிய பூச்சு. பெட்டிகளின் உள்ளே மட்டும் நீளக் குழாய் வைத்து மெழுகு அடித்தோம். மெழுகு இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும், மூலைமுடுக்கெல்லாம் ஊர்ந்துபோகும். வடிகால் துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்ட பிறகே அடித்தோம்.

கழிவு ஒயிலை டீசலில் கலந்து அடித்தால் போதும் என்று சேர்விஸ் நிலையங்களில் இன்னும் சொல்வார்கள். கொஞ்சக் காலம் கறளைத் தடுக்கும்தான். ஆனால் சஸ்பென்ஷன் றப்பர்களை ஊதவைக்கும், மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும், வீட்டு வாசலெல்லாம் வடியும். எனக்கு வேண்டாம்.

இப்போது கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடியைக் கழுவுகிறேன், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரால் அல்ல. அது சவர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரால், அழுத்தம் குறைவாக, நிறைய நேரம். பிறகு உடனே மூடிப் போடாமல் வெயிலில் விடுகிறேன். ஜக் துவாரத்து மூடிகளை மாரி முடிந்ததும் ஒருதரம் கழற்றிப் பார்க்கிறேன். போன மாரிக்குப் பிறகு பார்த்தபோது உள்ளே மெழுகு மட்டும்தான் இருந்தது. பற்றரித் தட்டுக்குக் கீழே ஒரு செம்மஞ்சள் கோடு தெரிகிறது. அதைக் கச்சான் தொடங்கியதும் கொண்டுவரும்படி காக்கா சொல்லியிருக்கிறார்.