கண்ணாடியில் பித்தளை பூசப் போய்…

செம்பு சுலபமாக வந்துவிட்டது. போன மாதம் மைக்ராஸ்கோப் ஸ்லைடில் படிந்த அந்தச் சிவந்த பளபளப்பைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டியாயிற்று. அடுத்தது பித்தளை என்று முடிவெடுத்ததுதான் வினை.

அமைப்பு அதேதான். குரோம்பேட்டையில் மொட்டை மாடி அறை, ஏசி மெக்கானிக் ஒருவரிடம் வாங்கிய பழைய வேக்குவம் பம்ப், கனத்த கண்ணாடி ஜாடி, வெல்டிங்குக்கு வரும் ஆர்கான் வாயு. அழுத்தம் 0.1 மில்லிபாருக்கு இறங்கியதும் டார்கெட்டுக்கு, அதாவது பூச வேண்டிய உலோகத் தகட்டுக்கு, மைனஸ் 1500 வோல்ட். ஆர்கான் அயனிகள் மோதிப் பெயர்க்கும் அணுக்கள் எதிரே இருக்கும் ஸ்லைடில் படியும். (ஆளைக் கொல்லும் வோல்டேஜ் இது. கெப்பாசிட்டரை ஷார்ட் செய்யாமல் எதையும் தொடுவதில்லை.)

கடைசலுக்கு வரும் பித்தளைக் கம்பியில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் பாரிமுனையில் தகடாகவே கேட்டு வாங்கி, 50 மிமீ வட்டமாக வெட்டினேன். 30 மில்லியாம்பியரில் 20 நிமிடம் ஓட்டினேன். திறந்தால் ஸ்லைடு சாம்பல் நிறம். டார்கெட்டோ செம்பு மாதிரி சிவந்து கிடக்கிறது!

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இப்படிப்பட்ட டார்கெட்டில் துத்தநாகம் செம்பைவிடச் சுலபமாகப் பெயரும், உண்மைதான். ஆனால் அது தானே சரியாகிவிடும். மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்குகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கடலை தீர்ந்தபின், ஓமப்பொடியை அள்ளித்தான் அடியில் இருக்கும் கடலையை எட்ட முடியும். அப்படியே, மேற்பரப்பில் துத்தநாகம் குறையக் குறைய, கடைசியில் தகட்டில் இருக்கும் விகிதத்திலேயே இரண்டும் வெளியேறும். டார்கெட் குளிர்ச்சியாக இருந்தால் மட்டும். சூடானால் அடியில் இருக்கும் துத்தநாகமும் மேலேறி வந்து ஆவியாகும். அதன் கொதிநிலை 907 டிகிரி என்று அலட்சியமாக இருந்தேன். வெற்றிடத்தில் 300 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும்.

தண்ணீர்க் குழாய் விடப் பொறுமையில்லை. டார்கெட்டுக்குப் பின்னால் சூட்டை இழுக்கக் கனமான செம்புக் கட்டி, மின்னோட்டம் 12 மில்லியாம்பியர், ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் ஓய்வு. ஒரு ஞாயிறு மதியம் முழுக்கப் போனது. முதல் சில ஓட்டங்களுக்கு ஸ்லைடை ஒரு தகரத் துண்டால் மறைத்து வைத்தேன். வெளியிலிருந்து காந்தத்தால் நகர்த்தலாம். ஆக்சைடும் போகும், கலவையும் நிலைக்கு வரும்.

இதற்கு நடுவே மழை. ஜாடிச் சுவரில் ஒட்டிய ஈரம் விடவே இல்லை, பம்ப் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. ஆயில் மாற்றி, கேஸ் பேலஸ்ட்டை (ஈரத்தை வெளியேற்றப் பம்புக்குள் கொஞ்சம் காற்று விடும் வால்வு) திறந்து அரை மணி நேரம் சும்மா ஓட்டிய பிறகே அழுத்தம் இறங்கியது.

இப்போது நடுவில் மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. என் கட்டைவிரல் ரேகையும் அச்சுப் பிசகாமல் பதிந்திருக்கிறது. ஸ்லைடைச் சோப்புப் போட்டுக் கழுவியவன் அப்புறம் வெறும் கையால் எடுத்ததன் பலன். செல்லோடேப் ஒட்டி இழுத்தால் அந்த இடம் மட்டும் உரிகிறது.

அடுத்து வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், ஆனால் கொதிக்க 2600 வேண்டும், ஆவியாகி ஓடாது. பரணில் பாட்டியின் விரிசல் விட்ட வெண்கலப் பானை இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.