சீன மூலிகையும் என் காலைத் தும்மலும்

மாசி மாதத்தில் உருத்திரபுரம் பக்கத்தில் காலபோக நெல் வெட்டத் தொடங்கினால், எங்கள் வீட்டில் விடிந்ததும் முதலில் கேட்பது என் தும்மல்தான். பதினைந்து, இருபது என்று அடுக்கடுக்காக வந்து ஓய்ந்ததும், மூக்கால் பச்சைத் தண்ணீராக ஓடத் தொடங்கும்; கண்ணும் அண்ணமும் கடிக்கும்; பாடசாலைக்குப் போய் இரண்டாம் பாடம் தொடங்கும்வரை குரல் அடைத்தே இருக்கும். 2010 இல் மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் தொடங்கியது இது. தடிமன் என்று நினைத்து மல்லித்தண்ணி, பீனிசம் என்று நொச்சி இலையில் வேது, அதற்குப் பிறகு பாமசியில் பிரிற்றன் குளிசை என்று ஆண்டுகள் போயின. பிரிற்றன் தும்மலை அடக்கியது உண்மை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போன நாட்களில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போதே கண் சொருகியது.

இது ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி என்று வைத்தியசாலைக் கிளினிக்கில்தான் விளங்கப்படுத்தினார்கள். நெல்லின் சுணைத் தூசு, தலையணைக்குள் வாழும் தூசுண்ணி போன்ற தீங்கற்ற பொருள்களை உடல் பகையாகக் கருதி ஐஜிஈ என்னும் எதிர்ப்புரதத்தை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அதே தூசு மறுபடி மூக்குக்குள் போனதும் அங்கே இருக்கும் மாஸ்ற் என்னும் காவற் கலங்கள் ஹிஸ்ரமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தும்மலும் ஒழுக்கும் கடியும் அதனால் வருபவை. நாள்தோறும் அடிக்கும்படி மூக்கு ஸ்பிறே ஒன்றைத் தந்தார்கள். குணம் தெரிந்ததும் அதை விட்டுவிடுவது என் வழக்கமாக இருந்தது.

இந்த நிலையில்தான் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா, ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்து விட்டிருந்தார். "தம்பி, இஞ்ச எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சீன மருந்துக்கடையில வாங்கினது. மூக்குக்கு நல்லதாம், அவிச்சுக் குடி" என்று வட்ஸ்அப்பில் குரலும் அனுப்பியிருந்தார்.

பொதியைப் பிரித்துச் சுளகில் கொட்டிப் பார்த்தேன். மஞ்சள் வெளிறிய, நீள்வாட்டில் சீவிய வேர்த் துண்டுகள் இருந்தன. வாயில் வைத்தால் பச்சைப் பயற்றின் வாடையோடு இலேசாக இனித்தன. சாம்பல் நிற மென்மயிர் போர்த்த மொட்டுக்கள் சில, ஓவியத் தூரிகையின் நுனி போலக் கூர்மையாக இருந்தன; ஒன்றை நகத்தால் கீறியதும் கற்பூரமும் மிளகும் கலந்தது போன்ற நெடி மூக்குக்குள் ஏறியது. இன்னும் இரண்டு வகை வேர்களும், வறுத்த சிறு முட்காய்களும் கிடந்தன. ஒன்றின் மேலும் பெயர் இல்லை.

பெயர் தெரியாமல் அவிக்கமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் மனம் நொந்தாலும் கடைக்குத் திரும்பப் போய், சீன எழுத்திலும் இலத்தீனிலும் பெயர்களை எழுதி வாங்கிப் படமெடுத்து அனுப்பினார். இந்தப் பதிவை எழுதுவதற்கே அந்தப் பட்டியல்தான் காரணம்.

இனித்த வேர் ஹுவாங் சி. அதோடு பாய் ஜு, ஃபாங் ஃபெங் என்ற மற்ற இரண்டு வேர்களும் சேர்ந்தால் யூ பிங் ஃபெங் சான் என்ற பழைய கூட்டுமருந்து ஆகிறது. ஜேட் கல்லால் ஆன காற்றுமறைப்பு என்பது அந்தப் பெயரின் பொருள். வாடைக்காற்றுக்குக் கிடுகுத் தட்டி கட்டி வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயர் உடனே விளங்கும்: உடலின் வெளிக்காவல் தளர்ந்ததால்தான் காற்று உள்ளே புகுந்து தும்மலைக் கிளப்புகிறது, ஆகவே தும்மலை அடக்குவதைவிடத் தட்டியை இறுக்கிக் கட்டவேண்டும் என்று சீன வைத்தியர்கள் கருதுகிறார்கள். மயிர் போர்த்த மொட்டு ஷின் யி என்னும் மக்னோலியா மொட்டு. மூக்கடைப்பைத் திறப்பதற்கென்றே சேர்ப்பது. அதன் மயிர் தொண்டையில் ஒட்டிக் கரகரக்கும் என்பதால் துணியில் முடிந்துதான் அவிக்கவேண்டும்.

இதே நோய்க்கு அவர்கள் கொடுக்கும் இன்னொரு குடிநீர் சியாவோ சிங் லோங் தாங். அதிலே கறுவாக் குச்சி, வேர்க்கொம்பு, அதிமதுரம் எல்லாம் இருக்கின்றன. எங்கள் பரியாரியார் கட்டித் தரும் சரக்கோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதன் தலைமைச் சரக்கு மா ஹுவாங். எபெட்ரின் என்ற மருந்து அதிலிருந்துதான் 1885 இல் பிரித்தெடுக்கப்பட்டது; அது மூக்கைத் திறப்பதோடு இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். மா ஹுவாங், அதாவது எபெட்ரா, கலந்த ஊட்டப் பொருள்களை அமெரிக்கா 2004 இல் தடை செய்தது. அழுத்தத்துக்குக் குளிசை போடுகிற ஒருவர் அதை வெறும் கைமருந்தாக நினைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் பொதியில் மா ஹுவாங் இல்லை. ஆனால் அந்த முட்காய் சாங் அர் ஸ, தமிழில் மருளூமத்தை. ஆடையில் ஒட்டிக்கொண்டு வரும் அதே காய்தான். வறுத்துப் பதப்படுத்தினால் நஞ்சு குறையும் என்பது சீன மருந்து நூல்களின் முறை; பச்சையாகவோ அளவு மிஞ்சியோ உட்கொண்டால் ஈரலைக் கெடுக்கும். 2007 இல் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியில், உணவுப் பஞ்சத்தில் இதன் இளநாற்றுக்களைக் கீரையாகத் தின்ற ஊர்மக்கள் 76 பேர் நோயுற்றதில் நாலில் ஒருவர் இறந்துபோனார்கள். முட்காய் முழுவதையும் பொறுக்கி எடுத்து, ஆடுகள் வாய் வைக்காதபடி கிடங்கு வெட்டிப் புதைத்தேன்.

ஃபாங் ஃபெங் என்ற பெயரில்தான் என் மனம் நெடுநேரம் நின்றது; அதைப் போல ஒலிக்கும் இன்னொரு வேரின் பெயர்க் குழப்பம் நினைவுக்கு வந்தது. 1990 களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், மெலிவதற்காக ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கலந்த குளிசை எடுத்த பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதிலாக, அதே பெயரைப் பின்னொட்டாகக் கொண்ட குவாங் ஃபாங் ஜி என்ற வேர் மாறிப் போனதுதான் காரணம். மாறி வந்தது அரிஸ்ரலோக்கியா இனம். எங்கள் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவைதான். அவற்றில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்லத் தழும்பாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று எங்கள் ஊரில் ஆளுக்காள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பதறுவதற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா நெடுங்கேணிப் பக்கத்தவர். வடமத்திய மாகாணத்தில் 1990 களில் கவனத்துக்கு வந்த, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் உண்டு. அம்மாவும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் அளவை இரத்தத்தில் பார்ப்பதற்கு மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகிறார். நான் முட்டியில் அவித்து இறக்கிய முதல் நாளே, "எனக்கும் மூக்கடைக்குது பிள்ளை, ஒரு மடக்குத் தா" என்று கோப்பையை நீட்டினார். மறுத்தேன். "உனக்கு நல்லதெண்டா எனக்குக் கூடாதோ?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்வது தும்மலைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

சீன மருந்து முழுவதும் ஏமாற்று என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வன்னியில் மலேரியாக் காய்ச்சலில் நடுங்காத குடும்பம் இருந்ததில்லை. அந்தக் காய்ச்சலுக்கு இன்று உலகெங்கும் கொடுக்கும் ஆர்ட்டிமிசினினைச் சீனப் பழைய மருத்துவ நூலிலிருந்து துப்பெடுத்துப் பிரித்தவர் தூ யோயோ. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் எதைப் பிரித்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் அளந்து சோதிக்கப்பட்டவை. மூக்கு ஒவ்வாமைக்கும் மெல்பேணில் 55 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீன மூலிகைக் குளிகையும் மற்றதற்குப் போலிக் குளிகையும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2003 இல் வெளியான முடிவில் மூலிகை எடுத்தவர்களுக்குக் குணம் கூடுதலாகத் தெரிந்தது. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் ஆட்தொகை சிறிது.

பட்டியலை வைத்தியரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. ஸ்பிறேயை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, தொடங்குமுன்னும் ஒரு மாதத்தின் பின்னும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் சோதிக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனை சொன்னார். மூன்று வேரும் மொட்டும் மட்டும் சேர்த்து, அரை மணி நேரம் ஊறவைத்து, மண் முட்டியில் இரண்டு தரம் அவித்து, இரண்டு தண்ணீரையும் கலந்து காலையும் மாலையும் குடித்தேன். எட்டு வாரத்தில் காலைத் தும்மல் நாலைந்தாகக் குறைந்தது. அதே எட்டு வாரமும் ஸ்பிறே தவறவில்லை. கொதித்தாறிய உப்புத்தண்ணீரால் மூக்குக் கழுவினேன். களத்துக்குப் போனால் முகக்கவசம் போட்டேன். தலையணை உறைகளைக் கிழமைக்கொரு தரம் சுடுநீரில் தோய்த்தேன். ஆகவே குணத்தை முழுவதும் சீன வேரின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. இரத்தச் சோதனை இரண்டு தரமும் சரியாகவே இருந்தது.

அம்மாவின் மூக்குக்கும் அதே உப்புத்தண்ணீரைத்தான் கொடுத்தேன். முதலில் முகத்தைத் திருப்பினார். இப்போது தானே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுகிறார். அடுத்த பொதி அனுப்புவதானால் முட்காய் வேண்டாம், ஒவ்வொரு வேரும் தனித்தனிப் பையில் பெயரோடு வரவேண்டும் என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறேன்.